மிஷினுக்கு நாடி பார்க்கும் மீட்டர்



ஹைதராபாத் நகரில் அமீர்பேட் என்று ஒரு பகுதி. மெட்ரோ ரயிலின் இரண்டு பாதைகள் அங்கே சந்திக்கின்றன. கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்களுக்குப் பெயர் போன இடம். எந்த நேரமும் கூட்டம்தான். கோடைக் காலத்தில் சில நாள் திடீரென்று காற்றும் மழையும் வரும். சாலையோர மரம் ஒன்று சாய்ந்தால் போதும். பஸ், ஆட்டோ எல்லாம் நின்றுவிடும். அப்போது மரம் அறுக்கும் மிஷினைக் கொண்டுவருவார்கள். அதன் பெயர் செயின்சா.

நமக்கும் இது தெரிந்த மிஷின்தான். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்தது. டெல்டா மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. கோடரியால் நாள் முழுதும் செய்யும் வேலையை இந்த மிஷின் சீக்கிரம் முடித்துக் கொடுத்தது.

செயின்சா வைத்திருக்கும் தொழிலாளிக்கு அதுதான் சோறு போடுகிறது. அது கெட்டால் கூலி போச்சு. தவறாக ஓடினால் காலும் போகலாம். எனவே மிஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். டாக்டர் நாடி பார்ப்பது போல, மிஷினுக்கும் நாடி பார்க்க ஒரு மீட்டர் உண்டு. அதன் பெயர் டாக்கோமீட்டர். கடையில் 'ஆர்.பி.எம். மீட்டர்' என்று கேட்டாலும் கொடுப்பார்கள்.

அது என்ன செய்கிறது? என்ஜின் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிச் சொல்கிறது. அவ்வளவுதான்.

எவ்வளவு வேகம் தெரியுமா? பல செயின்சாக்கள் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 12,000 முதல் 14,000 சுற்று சுற்றும். 12,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 60-ஆல் வகுத்தால் ஒரு வினாடிக்கு 200 சுற்று! கண்ணால் எண்ண முடியுமா? முடியாது. அனுபவம் உள்ள மெக்கானிக் சத்தத்தை வைத்துச் சொல்வார். ஆனால் காது களைத்துப்போகும். எண் களைக்காது.

சரி, இந்த எண் எதற்கு?

செயின்சாவில் கார்புரேட்டர் இருக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுப்பது அதன் வேலை. அதில் சிறிய திருகுகள் உண்டு. ஒன்று முழு வேகத்துக்கு. ஒன்று குறைந்த வேகத்துக்கு. மற்றொன்று சும்மா நிற்கும்போது ஓடும் வேகத்துக்கு. இதை 'ஐடிலிங்' என்கிறார்கள்.

முழு வேகத் திருகை வலப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் குறையும். என்ஜின் இன்னும் வேகமாகச் சுற்றும். "ஆகா, மிஷினுக்கு பலம் வந்துவிட்டது!" என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. இந்த என்ஜினுக்கு ஆயில் பெட்ரோலில் கலந்துதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். சூடு ஏறும். பிஸ்டன் சிலிண்டரோடு உரசிப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் இதை 'சீஸ் ஆகிவிட்டது' என்பார்கள். பிறகு பெரிய செலவுதான்.

பெட்ரோல் அதிகமானாலும் நல்லதல்ல. புகை கக்கும். இழுவை குறையும். ஆனால் பிஸ்டன் பிடிக்காது. ஆகவே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மிஷினோடு வரும் புத்தகத்தில் அதிகபட்ச வேகம் எழுதியிருக்கும். அதைத் தாண்டவே கூடாது. சற்றுக் குறைவாக வைப்பதே நல்லது.

ஐடிலிங் வேகம் பல மிஷின்களில் 2,500 முதல் 3,000 வரை. அப்போது செயின் அசையவே கூடாது. அசைந்தால் ஐடிலிங் வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்படியும் அசைந்தால் கிளட்சில் கோளாறு இருக்கலாம். வேலையை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இனி, எந்த மீட்டர் வாங்குவது? சிகந்தராபாத்தில் ராணிகஞ்ச் கடைத்தெரு இருக்கிறது. மோட்டார், பம்பு, கருவிகள் விற்கும் இடம். அங்கே போனாலும் சரி, உங்கள் ஊர்க் கடைக்குப் போனாலும் சரி, மூன்று வகை மீட்டரைக் காட்டுவார்கள்.

முதல் வகை, சுற்றும் தண்டில் முனையை வைத்து அழுத்திப் பார்ப்பது. கரண்டு மோட்டாருக்கு நல்லது. செயின்சாவில் அப்படி வைக்க வெளியே தண்டு இல்லை.

இரண்டாவது வகை, ஒளி அடித்துப் பார்ப்பது. சுற்றும் பாகத்தில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். செயின்சாவில் சுற்றும் பாகம் மூடிக்குள் இருக்கிறது. மூடியைக் கழற்றி ஓட்டுவது ஆபத்து.

மூன்றாவது வகை, பிளக்கின் தீப்பொறியை எண்ணுவது. பிளக்குக்குப் போகும் தடித்த வயரில் மீட்டரின் மெல்லிய வயரைச் சில சுற்று சுற்ற வேண்டும். சில மீட்டர்களைப் பக்கத்தில் காட்டினாலே போதும். செயின்சாவுக்கு இதுதான் ஏற்றது. சாதாரண மீட்டர் சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது.

வாங்கும்போது மூன்று விஷயம் கவனியுங்கள்.

ஒன்று: ஐந்து இலக்கம் காட்ட வேண்டும். சில மீட்டர்கள் 9,999-க்கு மேல் காட்டாது. செயின்சாவுக்கு அது பயன்படாது. வேறு சில மீட்டர்களில் கடைசிப் பூஜ்யம் தெரியாது. 1,250 என்று காட்டினால் பத்தால் பெருக்கி 12,500 என்று படிக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் கற்றவர்களை இந்த இடத்தில் யாரும் ஏமாற்ற முடியாது.

இரண்டு: எண் சட்டென்று மாற வேண்டும். மரத்தை அறுக்காமல் முழு வேகத்தில் சில வினாடிக்கு மேல் ஓட்டக் கூடாது. மெதுவாக எண் காட்டும் மீட்டரை நம்பினால் மிஷின்தான் பாதிக்கப்படும்.

மூன்று: பொறிக் கணக்கை மாற்றும் வசதி வேண்டும். இதுதான் மிக முக்கியம். செயின்சா என்ஜின் டூ ஸ்ட்ரோக். ஒரு சுற்றுக்கு ஒரு பொறி. மீட்டரையும் அப்படியே வைக்க வேண்டும். தவறி 'ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி' என்று வைத்தால் என்ன ஆகும்? 12,000 சுற்றை மீட்டர் 6,000 என்று காட்டும். "வேகம் போதவில்லையே" என்று திருகைத் திருப்பிக்கொண்டே போவார்கள். பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மீட்டர் சரியாகத்தான் எண்ணியது. கணக்கைத் தவறாகச் சொல்லிக் கொடுத்தது மனிதன்.

எல்லா மிஷினுக்கும் இந்த வேலை தேவையில்லை. இப்போது சில செயின்சாக்கள் கலவையைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. சிலவற்றில் வேகம் எல்லையைத் தொட்டதும் பொறி தானே நின்று நின்று வரும். அப்போது மீட்டரில் எண் தடுமாறும். அந்த மிஷினை மீட்டரை மட்டும் நம்பி டியூன் செய்யக் கூடாது. மெக்கானிக்கைக் கேளுங்கள்.

ஊர் மாறினாலும் பார்க்க வேண்டும். ஹைதராபாத் கடல் மட்டத்திலிருந்து சுமார் 540 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடினால் காற்றின் அடர்த்தி குறையும். அமீர்பேட்டில் டியூன் செய்த மிஷினைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் காற்று சற்று அதிகம் சேரும். பெட்ரோலின் பங்கு குறையும். எனவே வந்ததும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

திருகைத் தொடும் முன் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். பெட்ரோலில் ஆயில் சரியான அளவில் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். என்ஜினைச் சூடாக்குங்கள். செயின் எதிலும் படாமல் மிஷினை உறுதியாகப் பிடியுங்கள். குழந்தைகளைத் தூர நிறுத்துங்கள். செயின் பிரேக் போட்டபடி முழு வேகம் கொடுக்காதீர்கள், கிளட்ச் எரிந்துவிடும். திருகைத் திருப்புமுன் என்ஜினை ஐடிலிங்குக்குக் கொண்டுவாருங்கள். ஒரே தடவையில் அதிகம் திருப்பாதீர்கள்.

முதல் தடவை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கிடைத்த எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை எண் மாறியிருந்தால், மிஷினில் ஏதோ கோளாறு தொடங்கிவிட்டது என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

கடைசியாக ஒரு கணக்கு. மீட்டரில் 1,380 என்று தெரிகிறது. கடைசிப் பூஜ்யம் காட்டாத மீட்டர். புத்தகத்தில் அதிகபட்ச வேகம் 13,000 என்று இருக்கிறது. இந்த மிஷினை வேலைக்கு எடுத்துப் போகலாமா, கூடாதா? ஏன்? கூடிப் பேசுங்கள். பதிலை நோட்டில் எழுதுங்கள்.