மீதி 12 பேர்



ஒரு கணக்கு சொல்கிறேன். பேனா, பேப்பர் தேட வேண்டாம், காதைக் கொடுத்தால் போதும். ராணுவப் பேருந்து ஒன்றில் 36 வீரர்கள் போகலாம். 1,128 வீரர்களை முகாமுக்கு அழைத்துப்போக எத்தனை பேருந்து வேண்டும்?

1980களின் தொடக்கத்தில், அமெரிக்கா முழுவதும் நடந்த ஒரு மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்ட கணக்கு இது. நூற்றுக்கு எழுபது பேர் வகுத்தலைப் பிழையில்லாமல் செய்தார்கள். சரியான விடை எழுதியவர்களோ கால்வாசிகூட இல்லை. நூற்றுக்கு 29 பேர் எழுதியது, '31, மீதி 12'. மீதி என்றால் யார்? மூட்டை முடிச்சோடு ரோட்டோரம் நிற்கிற 12 வீரர்கள்! 32-ஆவது பேருந்து வராமல் அவர்கள் எப்படிப் போவார்கள்?

வகுக்கத் தெரிந்த பிள்ளைகள்தான். விடை கிடைத்ததும் கேள்வியை மறந்துவிட்டார்கள்.

ஹங்கேரியில் பிறந்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜார்ஜ் போல்யா, 1945-இல் வந்த தம் புத்தகத்தில் நான்கு படிகள் சொன்னார். கேள்வியைப் புரிந்துகொள், வழியை யோசி, செய்துபார், செய்ததைத் திரும்பிப் பார். இந்த நான்காவது படிக்குத்தான் வகுப்பில் நேரமே கிடைப்பதில்லை. விடைக்கு அடியில் கோடு போட்டதும் அடுத்த கணக்கு. போர்ஷன் முடிக்க வேண்டுமே!

நம் பத்தாம் வகுப்புக்கு வருவோம். அடுத்தடுத்த இரண்டு முழுக்களைப் பெருக்கினால் 56. அந்த எண்கள் எவை? சமன்பாட்டைக் காரணிப்படுத்தினால் முதல் எண்ணுக்கு 7, மைனஸ் 8 என இரண்டு விடை வரும். மைனஸ் எட்டைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுகிற மாணவர்கள் உண்டு. நீளம், வயது என்று வந்த கணக்குகளில் அப்படி அடித்துப் பழகிய கை. மைனஸ் எட்டையும் மைனஸ் ஏழையும் பெருக்கினாலும் 56 வருமே என்று போட்டுப் பார்க்கத் தோன்றாது.

ஆசிரியர் 'சரி', 'தப்பு' என்று உடனே சொல்லாமல், 'எப்படிச் சொல்றே?' என்று கேட்கலாம். சரியான விடைக்கும் கேட்க வேண்டும். தப்புக்கு மட்டும் கேட்டால், கேள்வி காதில் விழுந்ததுமே பிள்ளை ரப்பரைத் தேடும். இப்படி நடத்தினால் ஒரு பீரியடில் பத்துக் கணக்கு ஓடாது, நாலுதான் ஓடும். ஓடட்டும். 'மைனஸ் எட்டை ஏன் அடிச்சே?' என்று கேட்டுவிட்டு, கடைசி பெஞ்சிலிருந்து யாராவது 'இது நீளம் இல்லையே சார்' என்று சொல்கிறவரை சாக்பீஸைக் கீழே வைத்துக் காத்திருக்கலாம்.