நரி செய்த தவறு என்ன?

(கோவிலூரில் சிறார் வாசிப்புக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-இல் பிறந்த ராயவரம் நமக்குத் தூரமில்லை. குழந்தைகளுக்கு எழுதுவதைப் பெரிய வேலையாக மதித்த வட்டாரம் இது. அதனால் இந்தக் கேள்வியை இங்கேயே கேட்கிறேன்: நீதிக்கதை யாருடைய நீதியைச் சொல்கிறது?

ஐந்தாம் வகுப்பில் நீல நரி கதை கேட்டேன். சாயத் தொட்டியில் விழுந்த நரி காட்டுக்கு ராஜாவாகிறது. மற்ற நரிகள் ஊளையிட, தானும் ஊளையிடுகிறது. அடையாளம் தெரிந்ததும் கொல்லப்படுகிறது. "பிறவிக் குணம் மாறாது" என்று முடித்தார் ஆசிரியர். அந்தப் பொங்கலுக்கு அப்பா எடுத்துத் தந்த நீலச் சட்டையோடு பள்ளிக்குப் போனேன். "நீல நரி வருதுடா" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. நான் எந்தத் தெரு என்று அவர்களுக்குத் தெரியும். அந்தச் சட்டையை மறுபடி நான் போடவில்லை.

பஞ்சதந்திரம், மூன்று இளவரசர்களுக்கு விஷ்ணு சர்மா என்ற பார்ப்பனர் சொன்னதாக வரும் நூல். எலிப்பெண் கதையும் அதில்தான் இருக்கிறது. முனிவர் எலியைப் பெண்ணாக்கி வளர்க்கிறார். சூரியன், மேகம், காற்று, மலை யாரும் வேண்டாம் என்றவள், எலியைக் கண்டதும் மகிழ்ந்து, எலியாகவே மாறி மணக்கிறாள். இனம் இனத்தோடுதான் சேர வேண்டுமாம். ஆணவக் கொலைகாரன் பேசும் அதே நியாயம், சிரிப்போடு சிறுவயதிலேயே ஊட்டப்படுகிறது.

கதைகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எங்கள் மாலை வகுப்பில் நீல நரியைச் சொல்லிவிட்டு, நீதி சொல்லாமல் நிறுத்துவேன். "நரி செய்த தவறு என்ன?" என்று கேட்டேன். "தன் கூட்டத்தையே விரட்டுச்சு" என்றாள் ஒரு சிறுமி. "அதுக்கு யாரும் அடிக்கலையே, ஊளையிட்டதுக்குத்தானே அடிச்சாங்க?" என்றான் பக்கத்திலிருந்தவன். முப்பது வருடம் முன்பு எனக்குத் தேவைப்பட்ட கேள்வி அது.

வேறு கதைகளும் வேண்டும். 1901-இல் அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய சிறுவன் அம்பேத்கருக்கு, மகார் என்று தெரிந்ததும் வண்டி ஓட்ட ஆளில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டு வண்டியை ஓட்டினார்கள். வண்டிக்காரர் கூடவே நடந்தார். வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் ஓவியங்களோடு 2011-இல் வந்த 'பீமாயணா' இதைப் படக்கதையாகச் சொல்கிறது. அதைப் படிக்கும் பிள்ளை, தவறு யாருடையது என்று கண்டுபிடித்துவிடும்.

இன்றிரவு வீட்டில் ஒரு கதை சொல்லுங்கள். நீதியைப் பிள்ளையிடம் கேளுங்கள்.

ஜெய் பீம்.