வேளாஸ் கடற்கரையில் பங்குனி ஆமைகள்

புனேயில் பேஷ்வாக்களின் அமைச்சராக இருந்த நானா பட்னவீஸின் பூர்வீக ஊர், ரத்னகிரி மாவட்டக் கடலோரத்து வேளாஸ். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புனேக்காரர்கள் அங்கே போய் விடியற்காலையில் கடற்கரைக்கு நடப்பது, பங்குனி ஆமைக் குஞ்சுகளைப் பார்க்கத்தான்.

ஒரு கூட்டில் சுமார் 100 முட்டைகள். ஏறத்தாழ 50 நாளில் பொரியும். மணலின் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். முன்பெல்லாம் முட்டைகள் திருடு போயின. 2002-இல் சிப்ளூணின் சஹ்யாத்ரி நிசர்க மித்ரா அமைப்பு பாதுகாப்பைத் தொடங்கியது. இன்று ஊராரே வேலியிட்டுக் காக்கிறார்கள்.

உள்ளங்கையில் அடங்கும் கருஞ்சாம்பல் குஞ்சு, துடுப்புக் கால்களால் மணலைத் தள்ளித் தள்ளி அலையைத் தேடிப் போகிறது. பார்க்கப் போகிறவர்கள் அங்கே கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டாதீர்கள், தொடாதீர்கள், ஃப்ளாஷ் போடாதீர்கள். கடல்வரை அது தானே நடக்கட்டும்.