தசைப் பிடிப்பும் தளர்த்தி மருந்தும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இயலையும் இசையையும் நாடகத்தையும் பற்றிப் பேசுவதே மரபு. அத்தகைய மேடையில் மாத்திரையைப் பற்றிப் பேச முற்பட்டிருக்கின்றோம். அதிலும் யாம் மருத்துவர் அல்லோம். டிராம்பேயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கருவிகளோடு பணியாற்றி ஓய்வு பெற்றோம். எனினும், எம் இல்லத்தில் எம் கையாலேயே நேர்ந்த ஒரு பிழை உண்டு. அதனை மறைத்து வைப்பதினும், நம்மவர் கூடிய இவ்வவையில் எடுத்துரைத்து, பிற இல்லங்களில் அது நேராமற் காப்பது நன்று எனக் கருதியே இங்கு நிற்கின்றோம்.

தசைப் பிடிப்பு என்பது நம்மில் அறியாதார் இல்லாத நோவு. கழுத்தில் வந்தால் சுளுக்கு என்கிறோம். முதுகில் வந்தால் வாய்வுப் பிடிப்பு என்கிறோம். நள்ளிரவில் கெண்டைக்காலில் வந்தால் குரக்குவலி என்கிறோம். தாராவியில் நாள் முழுதும் குனிந்து தோல் வேலை செய்வோர்க்கும், செம்பூரிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் மின்வண்டியில் நெருக்குண்டு நின்று செல்வோர்க்கும், நம் அணுசக்தி நகர்க் குடியிருப்பில் கணினியின் முன் கழுத்தை நீட்டி அமர்ந்திருப்போர்க்கும், சமையலறையில் மாவுப் பாத்திரம் தூக்கும் தாய்மார்க்கும் இந்நோவு பொது. வருத்தப்பட்ட இடத்தை அசையவொட்டாது காத்தற்பொருட்டு, சுற்றியுள்ள தசை தானே இறுகிக்கொள்கிறது. அவ்விறுக்கமே மேலும் வலியை விளைக்கிறது; அவ்வலி மேலும் இறுக்கத்தை விளைக்கிறது. இந்தச் சுழலை அறுப்பதற்கென மருத்துவர் சிலவேளை தசைத் தளர்த்தி மருந்தை எழுதித் தருகின்றனர்.

இனி எம் கதையைக் கேளுங்கள். பத்தாண்டுகளுக்கு முன், அம்பாசமுத்திரத்திலிருந்து எம் அத்தையார் எங்களைக் காண வந்திருந்தார். அகவை எழுபத்து நான்கு. ஒரு நாளுக்கு மேலாக இரயிலில் அமர்ந்து வந்தமையால் இடுப்பு பிடித்துக்கொண்டது. எழவும் அமரவும் இயலாது வருந்தினார். சில திங்களுக்கு முன் எமக்குக் கழுத்து வலி வந்தபோது மருத்துவர் எழுதிக் கொடுத்த டிசானிடின் என்னும் மாத்திரையில் மிச்சம் மேசை இழுப்பறையில் இருந்தது. எமக்கு நலம் தந்த மருந்து அத்தைக்கும் நலம் தரும் என்று நம்பினோம். இரவு உணவுக்குப் பின் ஒன்று கொடுத்தோம். நள்ளிரவில் குளியலறைக்குச் சென்றவர், எழுந்து நின்றவுடன் கண் இருண்டு வீழ்ந்தார். தொடை எலும்பு இடுப்பு மூட்டருகே முறிந்தது.

மருத்துவமனையில் அவரைச் சேர்த்த போது இளம் மருத்துவர் ஒருவர் கேட்ட முதற்கேள்வி, "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்பதே. அப்போதுதான் அவர் கைப்பையைத் திறந்து பார்த்தோம். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை இருந்தது. சிறுநீர்த் தொற்றுக்காக ஊரில் கொடுத்த சிப்ரோபிளாக்சசின் என்னும் மாத்திரையும் இருந்தது. அவ்விரண்டையும் எம்மிடம் அத்தையார் மறைக்கவில்லை, யாம் கேட்கவில்லை. அவ்வளவே.

அம்மருத்துவர் விளக்கியதைச் சுருங்கக் கூறுவோம். டிசானிடின் கல்லீரலில் உள்ள ஒரு நொதியால் சிதைக்கப்பட்டு உடலை விட்டு நீங்குவது. சிப்ரோபிளாக்சசின் அந்நொதியை முடக்கிவிடுகிறது. இரண்டும் ஒருங்கே உட்கொண்டால் குருதியில் டிசானிடினின் அளவு ஏறத்தாழப் பத்து மடங்கு உயர்வதாக ஆய்வில் கண்டிருக்கின்றனர். ஆகவே இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுத்தலாகாது என்பது மருத்துவ விதி. டிசானிடின் தானே இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும் இயல்புடையது, அழுத்த மாத்திரையும் உடனிருந்தது, அளவோ பன்மடங்காயிற்று. எழுந்து நின்ற முதியவர் வீழ்ந்ததில் வியப்பென்ன?

அவையோரே! டிராம்பேயில் பணியாற்றிய காலமெல்லாம் மார்பில் டி.எல்.டி. பேட்ஜ் அணிந்தே உள்ளே சென்றோம். நம் உடலில் பட்ட கதிர்வீச்சு எவ்வளவு என்பதனை அது கணக்கிட்டுச் சொல்லும். ஓராண்டில் 30 மில்லி சீவெர்ட், ஐந்தாண்டுகளில் 100 மில்லி சீவெர்ட் என்பது நம் நாட்டில் கதிர்வீச்சுப் பணியாளர்க்கு விதித்த வரம்பு. அவ்வரம்பை அணுகுவதற்கு நெடுந்தொலைவு முன்பே எச்சரிக்கை எழும். அத்தகைய ஒழுக்கத்தில் பழகிய யாம், வீட்டிற்கு வந்ததும், யாருக்கு, எவ்வளவு, எதனோடு என்னும் மூன்று வினாக்களுள் ஒன்றையேனும் கேட்டோமில்லை. எம் பிழை அறியாமையன்று. அறிந்த ஒழுக்கத்தை வாயிற்படியிலேயே விட்டு வந்தமை.

தசைத் தளர்த்தி என்னும் பெயரே நம்மை ஏமாற்றுகிறது. இம்மாத்திரை பிடித்த தசையைத் தேடிச் சென்று தளர்த்துவது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. இவற்றுள் பெரும்பாலானவை மூளையிலும் தண்டுவடத்திலும் செயற்பட்டு, அங்கிருந்து தசைக்கு வரும் ஏவலைத் தணிக்கின்றன. ஆதலின் பிடிப்புத் தளரும்போதே உறக்கமும், தலைச்சுற்றலும், நடைத் தடுமாற்றமும் வரக்கூடும். மதுவோ, தூக்க மாத்திரையோ, மயக்கந்தரும் இருமல் மருந்தோ, சளி மாத்திரையோ உடன் சேர்ந்தால் அம்மயக்கம் பெருகும், மூச்சும் தளரக்கூடும்.

மருந்துக்கு மருந்து இயல்பும் வேறு. டிசானிடின் அழுத்தத்தைத் தாழ்த்தும். கல்லீரல் நோயுடையார்க்கு ஆகாது. பேக்லோபென் பெரிதும் சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுவது; சிறுநீரகம் பழுதுற்றவர்க்குச் சிறிய அளவும் அறிவு மயக்கம் தரலாம். நெடுநாள் உட்கொண்டு திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனத் தோற்றங்களும் வரலாம். ஆகவே அதனை மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். குளோர்சாக்சசோன் அரிதாகக் கல்லீரலைத் தாக்கும். கேரிசோப்ரோடால் உடலில் பழக்கத்துக்கு அடிமையாக்கும் வேறொரு பொருளாக மாறுவது. அதனாலேயே ஐரோப்பிய மருந்து முகமை 2007-ஆம் ஆண்டில் அதன் விற்பனையை நிறுத்துமாறு பரிந்துரைத்தது. டாபென்டடால் என்னும் கடும் வலிநீக்கியோடு அதனைக் கூட்டிய மாத்திரைகள் இந்தியாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்று இளைஞரைக் கெடுத்தமை வெளிப்பட்டபோது, 2025 பிப்ரவரியில் நம் நடுவண் அரசு அக்கூட்டு மருந்தின் உற்பத்திக்கும் ஏற்றுமதிக்கும் தந்திருந்த இசைவைத் திரும்பப் பெற்றது.

இங்கே தமிழர்க்கு நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. தசைப் பிடிப்புக்கு நம் நாட்டில் மிகுதியாக எழுதப்படும் மருந்துகளுள் ஒன்று தயோகால்சிகோசைடு. அஃது எதிலிருந்து பிறக்கிறது தெரியுமோ? நம் செங்காந்தளின் விதையிலிருந்து! கபிலர் குறிஞ்சிப்பாட்டில் வரிசைப்படுத்தும் மலர்களுள் முதலிடம் பெற்ற காந்தள். இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரணியம் பக்கத்து உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்னும் பெயரால் அதனைப் பயிரிட்டு, விதையை மருந்தாலைகளுக்கு விற்கின்றனர். அவ்விதையிலிருந்து பிரிக்கும் பொருளைச் சற்றே மாற்றி இம்மருந்தைச் செய்கின்றனர். அக்கொடியின் கிழங்கோ கொடிய நஞ்சு. ஒரே கொடியில் அழகும் நஞ்சும் மருந்தும் ஒருங்கே உறைகின்றன. அவற்றைப் பிரித்து நிறுத்துவது அளவு ஒன்றே.

இம்மருந்து உடலில் மாறும்போது தோன்றும் ஒரு பொருள், பிளவுறும் உயிரணுக்களில் குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பிறழச் செய்யக்கூடும் என்று ஆய்வுகள் காட்டின. எனவே 2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை அதற்கு வரம்பு கட்டியது. வாய்வழியாயின் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 8 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. ஏழு நாளுக்கு மேல் தொடரலாகாது. ஊசியாயின் 4 மில்லிகிராம் வீதம் ஐந்து நாளே. பதினாறு வயதுக்குட்பட்டோர்க்கும், கருவுற்றார்க்கும், பாலூட்டும் தாய்மார்க்கும், கருத்தடை முறையைக் கைக்கொள்ளாத, கருத்தரிக்கும் பருவத்துப் பெண்டிர்க்கும் கொடுத்தலாகாது. வலிப்பு நோயுடையார்க்கு இது வலிப்பைத் தூண்டவும் கூடும். குரோமோசோம் என்றால் என்னவென்று கதிர்வீச்சுக் காப்புப் பயிற்சியில் கற்ற நம் ஊரார்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அப்படியாயின் இம்மருந்துகளே வேண்டாவோ எனில், அங்ஙனம் கூறவில்லை. உரிய வேளையில், உரியவர்க்குச் சில நாள் இவை ஆறுதல் தரும். ஆனால் அப்பயன் நாம் நினைக்கும் அளவு பெரிதன்று. திடீரென வந்த இடுப்பு வலிக்கு இம்மருந்துகள் தரும் நலத்தைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் பிரித்தானிய மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வு, வலி குறைவது நூற்றுக்கு எட்டுப் புள்ளிக்கும் கீழே என்றும், அச்சான்றும் உறுதி குறைந்தது என்றும், பக்கவிளைவோ மிகக்கூடும் என்றும் கண்டது. இத்தகைய வலி பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணிவது. வெந்நீர் ஒத்தடம், இதமான பிடித்துவிடல், இயன்ற அளவு நடமாட்டம் ஆகியவையே முதல் மருந்து. நாட்கணக்கில் படுத்தே கிடப்பது நலிவையே மிகுக்கும்.

இனி, மருத்துவர் இம்மருந்தை எழுதித் தந்தால் கடைப்பிடிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்வோம்.

முதலாவது, உட்கொள்ளும் எல்லா மருந்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அழுத்தம், சர்க்கரை, தொற்று, தூக்கம், நாட்டு மருந்து எதையும் விடாதீர்கள். நினைவு போதாதெனில் அட்டைகளையே எடுத்துச் செல்லுங்கள். கல்லீரல், சிறுநீரக நோயையும், கருவுற்றிருப்பதையும், மதுப்பழக்கத்தையும் நாணமின்றிக் கூறுங்கள்.

இரண்டாவது, எத்தனை நாள் என்று கேட்டறிந்து, அந்நாளோடு நிறுத்துங்கள். நெடுநாள் உட்கொண்டவர் மட்டும் தாமே நிறுத்தாது மருத்துவரைக் கேளுங்கள்.

மூன்றாவது, மருந்து தம்மிடம் எவ்வாறு வேலை செய்கிறது என்று தெரியும்வரை ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். இயந்திரத்தின் அருகே நிற்காதீர்கள். மின்வண்டியின் வாயிற்படியில் தொங்காதீர்கள். மதுவை அறவே விலக்குங்கள்.

நான்காவது, முதியோர் படுக்கையிலிருந்து உடனே எழாது, சற்று அமர்ந்து பின் எழுதல் வேண்டும். குளியலறை வழியில் விளக்கு எரியட்டும். இவ்வகை மருந்துகளுள் பலவற்றை முதியோர்க்குத் தவிர்க்கவே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அறிவுறுத்துகிறது.

ஐந்தாவது, அட்டையில் உள்ள பெயர்களைப் படியுங்கள். நம் கடைகளில் கிடைப்பவற்றுள் பல கூட்டு மாத்திரைகள். அசிக்ளோபெனாக்கும் பாரசிட்டமாலும் தளர்த்தி மருந்தும் ஒரே மாத்திரையில் இருக்கும். அதனோடு காய்ச்சலுக்கென்று தனியே பாரசிட்டமால் விழுங்கினால் ஒரே மருந்து இரு மடங்காகும். வயிற்றுப்புண்ணும் சிறுநீரக நோயும் உடையார்க்கு அசிக்ளோபெனாக் தீங்கு செய்யலாம்.

ஆறாவது, அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டின்றி விற்கவும் வாங்கவும் ஆகாத மருந்து. மிஞ்சியதைச் சேர்த்து வைக்காதீர்கள், பிறர்க்கு ஈயாதீர்கள். ஈகை தமிழர் பண்பே. மாத்திரை ஈகை அப்பண்பினுள் அடங்காது.

சில பிடிப்புகள் பிடிப்பே அல்ல என்பதையும் மறவாதீர்கள். இடுப்பு வலியோடு கால் வலுவிழத்தல், தொடையிடுக்கு மரத்தல், சிறுநீரோ மலமோ அடக்க இயலாமை அல்லது கழியாமை, காய்ச்சல், வீழ்ந்தபின் வந்த கடும் வலி ஆகியவை இருந்தால் மாத்திரையைத் தேடாது மருத்துவமனைக்கு விரையுங்கள். மார்பிலும் இடத்தோளிலும் தாடையிலும் இறுக்கமும் வியர்வையும் வந்தால் அது வாய்வுப் பிடிப்பென்று இருந்துவிடாதீர்கள். இதயத்தின் கூக்குரலாக இருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால் இரத்தக் கட்டாக இருக்கலாம்.

எம் அத்தையார் அறுவைக்குப் பின் எழுந்து நடந்தார். ஆனால் கோலின்றி நடந்ததில்லை. மீண்டும் மும்பைக்கு வந்ததுமில்லை. ஊருக்குச் சென்று மன்னிப்பு வேண்டியபோது, "ஏலே, நீ நல்லதுக்குத்தானே கொடுத்தே" என்று தலையைத் தடவினார். அவர் மறைந்து ஆண்டுகள் சில ஆயின. அச்சொல் இன்றும் எம்மை ஆற்றவில்லை. ஏனெனில், நல்லெண்ணம் மருந்தின் அளவை மாற்றாது.

நம் குடியிருப்பில் மருத்துவமனை அருகில் உள்ளது. கேட்பதற்கு ஆகும் நேரம் அரை நாளே. ஆகவே தோழர்களே, இன்றிரவு விழா முடிந்து இல்லம் சென்றதும், மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். யாருக்காக எழுதப்பட்டது, எப்போது எழுதப்பட்டது என்று தெரியாத மாத்திரை அங்கே கிடந்தால் அதனை அகற்றுங்கள். பேட்ஜ் அணிந்து உள்ளே செல்லும் ஒழுக்கம் நம் வீட்டு வாயிலிலும் தொடரட்டும்.