ஒரு மதியச் சாப்பாடும் சில நினைவுகளும்
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லாதது. "சாப்பாட்டுக்கு முன்னால பேசுற ஆள் நீதான், அதனால சுருக்கமா பேசு" என்று செயலாளர் அண்ணன் சொல்லிவிட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் பேசுவதால் சாப்பாட்டைப் பற்றியே பேசிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

போன வருஷம் நாங்கள் நான்கு பேர், எல்லோரும் 2012-இல் படித்து முடித்தவர்கள், சென்னையில் சந்தித்தோம். சாத்தூர்க்காரன், ராஜபாளையத்தான், திருத்தங்கல்காரன், விருதுநகர்க்காரனான நான். ஹாஸ்டலில் ஊர்ப் பெயரைச் சொல்லித்தானே கூப்பிடுவோம்? அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. சாத்தூர்க்காரனுக்குப் பதவி உயர்வு. "இந்தத் தடவை பரோட்டா கடை வேண்டாம்டா, பெரிய இடத்துக்குப் போவோம்" என்று நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டலுக்கு அழைத்துப் போனான். 1974-இல் திறந்த ஓட்டல் அது. அங்கே தென்னிந்தியச் சாப்பாட்டுக்கென்றே 'சதர்ன் ஸ்பைஸ்' என்று ஓர் உணவகம் இருக்கிறது.

மெத்தென்ற நாற்காலி, மெல்லிய வீணை இசை, முதுகுக்குப் பின்னால் நின்று தண்ணீர் ஊற்றும் தம்பி. ஒரு பதார்த்தம் முடிந்தால்தான் அடுத்தது வரும். நம்ம ஊர் பர்மா கடையில் இலை போட்ட இரண்டாவது நிமிஷம் எண்ணெய்ப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னாவை ஊற்றிவிடுவார்கள். இங்கே பேசிப் பேசித்தான் சாப்பிட வேண்டும். ஒன்றரை மணிக்கு உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கும்போது நாலரை. பில் எவ்வளவு என்று சொல்ல மாட்டேன். முன் வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். வரி மட்டும் நூற்றுக்குப் பதினெட்டு. சாதாரண ஓட்டலில் ஐந்துதான். இவ்வளவு போதும்.

அன்று நடந்த இரண்டு சின்ன விஷயங்களைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன். திருத்தங்கல்காரனிடம் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். அதோ, மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

முதல் விஷயம். எந்தப் பதார்த்தம் வந்தாலும் அவன் தட்டு ஐந்து நிமிஷத்தில் காலி. அடுத்ததற்காகக் காத்திருப்பான். "யாருடா உன்னை விரட்டுறா?" என்று கேலி செய்தோம். சிரித்துக்கொண்டான்.

இரண்டாவது, கடைசியில் விரல் கழுவ ஆளுக்கொரு கிண்ணம் வைத்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீர், அதில் ஒரு எலுமிச்சைத் துண்டு. நாங்கள் மூவரும் கழுவிவிட்டோம். அவன் கையை நனைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "எங்கம்மா கையை இதுல விட்டா தண்ணி சாம்பல் கலராயிடும்டா."

அவன் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் பட்டாசு ஆலையில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்தவர். மருந்தில் அலுமினியப் பவுடர் இருக்கும். நகக்கண்ணில் ஏறினால் ஒரு கழுவலில் போகாது. மத்தியானம் தூக்குச் சட்டியைத் திறந்து, கையை முந்தானையில் துடைத்துவிட்டுச் சாப்பிடுவார்களாம். பத்தே நிமிஷம். கூலி பீஸ் ரேட். எத்தனை அடைத்தார்களோ அத்தனைக்குத்தான் காசு. உட்கார்ந்து சாப்பிடுகிற ஒவ்வொரு நிமிஷமும் கூலியில் குறையும். லீவு நாளில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு இவனுக்கும் அதே வேகம் வந்துவிட்டது. "மூணு மணி நேரம் சாப்பிட்டிருக்கோம். எங்கம்மாவுக்கு இது பதினெட்டு நாள் சாப்பாட்டு நேரம்" என்றான். எங்களில் கணக்கில் கெட்டிக்காரன் அவன்தான்.

நண்பர்களே, இந்தக் கூட்டத்தில் பட்டாசு ஆலை நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். நான் குறை சொல்ல வரவில்லை. வானம் பார்த்த கரிசல் பூமியில் இந்தத் தொழில் ஏற்றிய அடுப்புகள் எத்தனையோ. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்த பிறகு முதலாளிகளும் தொழிலாளிகளும் பட்ட பாடும் எனக்குத் தெரியும். ஆனால் நான் ஒரு பொறியாளன். பொறியாளனாக ஒரு வார்த்தை சொல்ல ஆசைப்படுகிறேன்.

நான் வேலை செய்வது வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில். ஒரு ஷிஃப்டில் எத்தனை பீஸ் வரும் என்று கணக்குப் போடும்போது, சாப்பாட்டு நேரம் அரை மணியைக் கழித்துவிட்டுத்தான் தொடங்குவோம். அதை யாரும் நஷ்டம் என்று எழுதுவதில்லை. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு வேண்டும், கைகால் கழுவ வசதி வேண்டும் என்று எழுதியிருந்தது. ஆக, நான் கேட்பது புதிதல்ல, தர்மமும் அல்ல.

மருந்து வேலையில் அவசரம் எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவசரமாக அடைத்தால் உராய்வு, உராய்ந்தால் தீ. நாங்கள் படிப்பை முடித்த அதே 2012-இல், செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் ஒரே விபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அன்று சிவகாசி வட்டாரத்தில் எத்தனை வீட்டில் சோறு அப்படியே இருந்திருக்கும்! பொறி வரும் என்றுதானே மருந்து அறைக்குள் இரும்புக் கருவியை விடமாட்டோம்? தூக்குச் சட்டியும் உலோகம்தானே? அது மட்டும் ஏன் உள்ளே இருக்க வேண்டும்?

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. மருந்து அறையிலிருந்து தள்ளி, நிழலான ஒரு சாப்பாட்டுக் கொட்டகை. வாசலில் குழாயும் சோப்பும். மூன்றாவதுதான் முக்கியம்: அந்த அரை மணி கூலியில் குறையாதபடி பீஸ் ரேட்டை நிர்ணயிக்க வேண்டும். மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டும் காட்சிப் பொருளாகத்தான் நிற்கும். கொட்டகைக்கு வரைபடம் போட்டுத் தர ராஜபாளையத்தான் தயார், அவன் சிவில். தண்ணீர் வசதிக்கான திட்டத்தை நான் போட்டுத் தருகிறேன். எங்கள் வேலைக்குக் காசு வேண்டாம்.

விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பிறகு எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். திருத்தங்கல்காரன் பள்ளிக்கூடத்தில் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுத்தான் படித்தான். பிள்ளைக்கு மணியடித்து, வரிசையில் உட்கார வைத்துச் சோறு போட்ட மாவட்டம் நம்முடையது. அந்தப் பிள்ளையைப் பெற்ற தாய்க்கும் ஒரு மணி அடிக்க வேண்டாமா?

சென்னையிலிருந்து வந்ததும் நான் திருத்தங்கல் போனேன். அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. "உக்காருப்பா, சாப்பிடலாம்" என்றார்கள். நான் ரசத்துக்கு வருவதற்குள் அவர்கள் கை கழுவிவிட்டு வந்து எனக்குப் பரிமாற நின்றார்கள். "மெதுவா சாப்பிடுங்கம்மா, இன்னிக்கு என்ன அவசரம்?" என்று கேட்டேன். "பழகிப்போச்சுய்யா" என்றார்கள்.

அடுத்த தலைமுறைத் தாய்மார்களுக்காவது அது பழகிப்போகாமல் பார்த்துக்கொள்வோம்.

சமையல்காரர் கதவோரம் வந்து எட்டிப் பார்க்கிறார். இன்று யாரும் அவசரப்படாமல் சாப்பிடுங்கள்.