முன்வாசல் ஒன்றாக இருக்கட்டும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக வாடகைக் கூடத்திலும் மரத்தடியிலும் மாலை வகுப்பு நடத்தி வந்த நம் சங்கம், இந்த வெள்ளி விழா ஆண்டில் தனக்கென ஒரு மண்டபம் எழுப்ப முடிவு செய்திருக்கிறது. வகுப்பும் நூலகமும் கூட்டமும் திருமணமும் நடைபெறப் போகும் இடம் அது. அது எவ்வாறு அமைய வேண்டும் என்று பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். இரண்டு செய்திகளை மட்டும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அம்மண்டபத்திற்குள் எவரும் பிறர் தூக்கிவிடாமல் தாமே வரக்கூடியதாக இருத்தல் வேண்டும். அடுத்து, அது இம்மண்ணின் வெயிலையும் காற்றையும் மழையையும் அறிந்து எழுந்ததாக இருத்தல் வேண்டும்.

நுழையும் உரிமை

பொது இடத்திற்குள் நுழைவது என்பது நம்மைப் பொறுத்தவரை வெறும் வசதி பற்றிய செய்தி அன்று. 1924-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் நமக்கு உரிமை உண்டு என்று தீர்மானம் கொண்டுவந்துதான் நிலைநாட்ட வேண்டியிருந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சௌதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கி ஒரு கை நீர் அள்ளிப் பருகியது வரலாறாயிற்று. கடைகள், உணவு விடுதிகள், கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள், மக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றில் எவரையும் சாதியின் பெயரால் தடுத்தல் ஆகாது என்று அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருப்பது, அவை ஒவ்வொன்றிலும் நாம் தடுக்கப்பட்டிருந்தோம் என்பதற்குச் சான்று.

இத்தகைய வரலாறு உடைய மக்கள் தம் சொந்த மண்டபத்தைக் கட்டும்போது, அதன் வாசலில் நின்று உள்ளே வர இயலாமல் திரும்புபவர் ஒருவரேனும் இருக்கலாமா? இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர், பார்வை இழந்தவர், முழங்கால் தேய்ந்த மூதாட்டி, நிறைமாதக் கர்ப்பிணி, கட்டடப் பணியில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த தொழிலாளி ஆகிய இவர்கள் அனைவரும் நம் தெருவினர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அபாயமான வேலைகளைச் செய்பவர்களும் மருத்துவத்திற்கு வழியற்றவர்களும் வாழும் தெருக்களில் இத்துன்பம் மிகுதியாக இருப்பதை நீங்களே கண்டிருக்கிறீர்கள்.

மூன்று அடியும் முப்பத்தாறு அடியும்

மண்டபத்தின் முதல் வரைபடத்தில் தரைமட்டம் தெருவிலிருந்து மூன்று அடி உயரத்தில் உள்ளது. முகப்பு முழுவதும் படிக்கட்டு. மூன்று அடி உயரம் வேண்டும் என்பதில் தவறில்லை. நம் குடியிருப்பு பள்ளத்தில் இருக்கிறது. ஐப்பசி மழையில் தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்கிறது. மேட்டு நிலத்தில் ஊரும் பள்ளத்தில் நாமுமாக இருப்பதும் தற்செயலாக நேர்ந்ததன்று.

ஆனால் உயரம் கூடினால் சாய்தளத்தின் நீளமும் கூடும். ஒரு அடி ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலியில் இருப்பவர் தம் கை வலிமையால் ஏற இயலாது. இறங்கும்போது நாற்காலி அவரை மீறி ஓடும். ஆகவே மூன்று அடிக்கு முப்பத்தாறு அடி வேண்டும். நடுவில் மூச்சு வாங்கிக் கொள்ள ஐந்து அடிச் சமதளம் ஒன்றும், இருபுறமும் கைப்பிடியும் வேண்டும். முகப்பில் அவ்வளவு இடம் ஏது என்பார்கள். பின்புறத்தில் ஒரு சிறிய சாய்தளம் வைத்துவிடலாம் என்பார்கள்.

அன்பர்களே, இந்த ஆலோசனையைத்தான் நான் முழு மனத்தோடு மறுக்கிறேன். பின்வாசல் என்பதன் பொருள் நமக்குத் தெரியும். தனிக் குவளை, தனி வழி, தனிச் சுடுகாடு என்று வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் நாம். ஒருவரைப் பின்புறமாகச் சுற்றி வரச் சொல்லிவிட்டு அவருக்கும் இடம் தந்துவிட்டோம் என்று கூறும் நியாயத்தை நாம் யாரிடமும் ஏற்றதில்லை. நாமும் யாருக்கும் வழங்கலாகாது. முன்வாசல் எல்லோருக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

சட்டமும் இதையே வேண்டுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் பயன்படுத்தும் தனியார் கட்டடத்தையும் பொதுக் கட்டடம் என்றே கொள்கிறது. அணுகல் விதிகளைக் கடைப்பிடிக்காத வரைபடத்திற்கு அனுமதி வழங்கலாகாது என்கிறது அதன் 44-ஆம் பிரிவு.

ருத்ராபூரின் ஆனந்தாலயம்

இடம் போதாது என்ற கவலைக்கு ஒரு விடை வங்காளதேசத்தில் இருக்கிறது. அந்நாட்டின் வடபகுதியில் தினாஜ்பூர் மாவட்டத்தில் ருத்ராபூர் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே அன்னா ஹேரிங்கர் என்னும் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் வடிவமைக்க, உள்ளூர்த் தொழிலாளர்கள் மண்ணாலும் மூங்கிலாலும் எழுப்பிய இரண்டடுக்குக் கட்டடத்திற்கு ஆனந்தாலயம் என்று பெயர். கீழ்த்தளம் மாற்றுத்திறனாளிகளுக்கான மையம். மேல்தளத்தில் பெண்கள் துணி தைத்துப் பிழைக்கும் பணிக்கூடம். கட்டும் வேலையில் மாற்றுத்திறனாளிகளும் பங்கு கொண்டார்கள். 2020-ஆம் ஆண்டில் அதற்கு ஓபெல் என்னும் உலகளாவிய விருது கிடைத்தது.

அக்கட்டடத்தின் சிறப்பு அதன் சாய்தளம். அதை ஓர் ஓரத்தில் ஒட்டவைக்கவில்லை. தரையிலிருந்து புறப்பட்டுக் கட்டடத்தை அணைத்தபடி வளைந்து மேல்தளம் வரை ஏறுகிறது. மண்சுவர் எந்தப் பக்கமும் வளையும் என்பதால் சுவரும் அதனோடு சேர்ந்து வளைகிறது. சாய்தளம்தான் அக்கட்டடத்தின் முகம். குழந்தைகள் ஓடி விளையாடுவதும் அதில்தான்.

நாமும் அவ்வாறே செய்யலாம். மண்டபத்தைச் சுற்றித் தாழ்வாரம் வரப்போகிறது. அத்தாழ்வாரத்தின் இரு பக்கங்களையே சாய்தளமாக ஆக்கிவிட்டால் முப்பத்தாறு அடி தானே கிடைத்துவிடும். மழையில் நனையாமலும் வெயிலில் காயாமலும் ஏறலாம். முடவரும் நடப்பவரும் மணமக்களும் அதே வழியில் ஏறி அதே முன்வாசலில் நுழைவார்கள். வேகமாக ஏற விரும்புவோருக்கு நடுவில் நான்கைந்து படிகள் இருந்துவிட்டுப் போகட்டும்.

மண் என்றால் வறுமையா?

இங்கே உங்களில் பலர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். "காலமெல்லாம் மண்சுவரிலும் கீற்றுக் கூரையிலும் கிடந்தோம். இன்று நாலு காசு சேர்ந்து கட்டடம் கட்டும்போது மீண்டும் மண்ணா?" இக்கேள்வி நியாயமானது. நம்மவர் ஓடு வேய்ந்த வீடு கட்டவும் தடை விதித்த பகுதிகள் இருந்தன. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்தன. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. ஆகவே ஓலைக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நம் மண்டபத்தில் எரியக்கூடிய கூரை வேண்டாம். எதிரெதிர்ப் பக்கங்களில் வெளிப்புறமாகத் திறக்கும் இரண்டு அகலமான கதவுகள் கட்டாயம் வேண்டும்.

இயற்கையிடம் கற்பது என்பது வறுமையை அழகு என்று கொண்டாடுவது அன்று. அறிவைப் பயன்படுத்துவதே அது. மேற்கு ஆப்பிரிக்காவில் பர்கினா பாசோ நாட்டின் காண்டோ கிராமத்தில் பிறந்தவர் பிரான்சிஸ் கேரே. தம் ஊரில் பள்ளிக்கு அனுப்பப்பட்ட முதல் பிள்ளை அவர். ஜெர்மனிக்குச் சென்று கட்டடக் கலை பயின்றபோதே பணம் திரட்டி, 2001-ஆம் ஆண்டில் தம் ஊருக்கு ஒரு தொடக்கப் பள்ளி கட்டி முடித்தார். மண் என்றதும் ஊரார் தயங்கினார்கள். மழைக்கு நிற்காது என்றார்கள். அவர் மண்ணோடு சிறிது சிமெண்டு கலந்து அழுத்திய கற்களைச் செய்து காட்டினார். உள்கூரை மண்கல்லால் ஆனது; காற்றுப் போகத் துளைகள் உண்டு. தகரக் கூரையை அதன் மேல் படியவைக்காமல் இரும்புக் கம்பிச் சட்டங்களில் உயர்த்தி நிறுத்தினார். சூடேறிய காற்று இடைவெளி வழியே வெளியேறிவிட, வகுப்பறை குளிர்ந்திருக்கிறது. பெண்கள் நீர் சுமந்தார்கள். குழந்தைகள் கல் கொண்டு வந்தார்கள். 2022-ஆம் ஆண்டில், கட்டடக் கலையின் மிக உயர்ந்த விருதாகிய பிரிட்ஸ்கர் விருதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கராக அவர் உயர்ந்தார்.

நம் அண்டை மாநிலத்திலும் ஒரு சான்று உண்டு. இங்கிலாந்தில் 1917-இல் பிறந்த லாரி பேக்கர், 1945-இல் இந்தியாவிற்கு வந்தது தொழுநோயாளர்களுக்கான மருத்துவமனைகளைக் கட்டுவதற்காக. சமுதாயம் ஒதுக்கி வைத்தவர்களுக்காகக் கட்டத் தொடங்கிய அவர், 2007-இல் மறையும் வரை கேரளத்தில் எளிய மக்களுக்கான வீடுகளைக் கட்டினார். திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையம் அவர் கைவண்ணமே. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையை அவர் பரப்பினார். அதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும்; நடுவிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். சன்னலுக்குப் பதிலாகச் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய துளைச் சுவர்களை அவர் மிகுதியாகப் பயன்படுத்தினார். ஒளியும் காற்றும் வரும். சட்டமும் கண்ணாடியும் வாங்கும் செலவில்லை.

நம் தெருவில் கொத்தனார்களும் சித்தாள்களும் எத்தனை பேர்! பிறருடைய மாளிகைகளைக் கட்டியவர்கள் அவர்கள். தொலைவிலிருந்து வரும் பொருளுக்குச் செலவாகும் பணத்தை அவர்கள் கூலியாகவும் திறமையாகவும் இத்தெருவிலேயே தங்கச் செய்யும் கட்டட முறை நமக்கு ஏற்றது.

புற்றின் பாடம்

இயற்கையைப் பார்த்துக் கட்டுவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு படியெடுப்பது அன்று. ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரில் 1996-இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் என்னும் பெரிய கட்டடம், கரையான் புற்றைக் கண்டு எழுந்த எண்ணம் என்று புகழ்பெற்றது. மிக் பியர்ஸ் என்பவர் வடிவமைத்தார். இரவின் குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்திக் கற்காரைத் தளங்களைக் குளிரவைத்து, அக்குளிர்ச்சியைப் பகலில் பயன்படுத்துவது அதன் முறை. வழக்கமான குளிர்சாதன அமைப்பு அங்கே இல்லை. புற்று உண்மையில் மூச்சுவிடும் விதம் வேறு என்று அறிவியலார் பின்னர்க் கண்டறிந்தனர். எனினும் கட்டடம் பயன் தந்தது.

ஆனால் ஹராரே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். அங்கே இரவு குளிரும். நம் சமவெளியில் சித்திரை இரவு புழுங்கும். அங்கே வென்ற முறை இங்கே அப்படியே வெல்லாது. நமக்குத் தேவை நிழலும் வீசும் காற்றுமே. ஆகவே மண்டபத்தின் நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கட்டும். மாலை வெயில் அறையும் மேற்குச் சுவர் குறுகலாக இருக்கட்டும். அப்பக்கம் வேம்பும் புங்கையும் நடுவோம். காற்று தெற்கே தாழ்வாக நுழைந்து வடக்கே உயரமாக வெளியேறட்டும். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினாலே உள்ளே வெப்பம் குறையும். தாழ்வாரத்தில் நிழலும் காற்றும் இருந்தால், ஏறிக் களைத்த மூதாட்டி அமர அங்கே ஒரு திண்ணையும் இருக்கும்.

இவை அணுகலுக்கும் உதவும். தகரக் கூரையில் மழை அறையும்போது காது மந்தமானவருக்கு ஒரு சொல்லும் கேட்காது. கனமான கூரையின் கீழ் கேட்கும். பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழுந்தால் உதட்டசைவைப் படிப்பவருக்குப் புரியும். படிகளின் விளிம்பில் வேறு நிறப் பட்டை இருந்தால் பார்வை மங்கியவர் தடுக்கி விழார். கதவு மூன்று அடிக்குக் குறையாமலும், கழிப்பறையில் சக்கர நாற்காலி திரும்ப ஐந்து அடி வட்டமும், சுவரில் பிடித்தெழக் கம்பியும் இருத்தல் வேண்டும். கழிப்பறையை மறந்துவிட்டு வாசலை மட்டும் அகலமாக்கினால், வந்தவர் ஒரு மணி நேரத்தில் வீடு திரும்ப நேரிடும்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை

இளைஞர்களே, கடைக்கால் தோண்டுவதற்கு முன் உங்களுக்கு ஒரு வேலை உண்டு. அந்த மனையில் சுண்ணாம்புப் பொடியால் வரைபடத்தை முழு அளவில் கோடிடுங்கள். சாய்தளத்தின் முப்பத்தாறு அடியை வரையுங்கள். நம் தெருவில் நடக்க இயலாதவர்களையும் பார்வையற்றவர்களையும் முதியவர்களையும் பிள்ளை சுமந்த தாய்மார்களையும் அழைத்து வாருங்கள். கதவு எங்கே, திண்ணை எங்கே, தண்ணீர்க் குழாய் எந்த உயரத்தில் என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதற்கேற்பக் கோட்டை அழித்து மறுபடி போடுங்கள். அன்று கோட்டை மாற்ற ஒரு கூடை சுண்ணாம்பு போதும். சுவர் எழுந்தபின் மாற்ற முனைந்தால் ஆயிரக்கணக்கில் செலவாகும்; பெரும்பாலும் மாற்றமே நடவாது.

செயற்குழுவினருக்கும் என் வேண்டுகோள் ஒன்று. நிதி போதவில்லை என்றால் முகப்பு அலங்காரத்தைக் குறையுங்கள், மேல்தளத்தைத் தள்ளி வையுங்கள், மேடையைச் சிறிதாக்குங்கள். சாய்தளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பொதுக் கிணற்றிலும் பொதுச் சாலையிலும் நம் முன்னோர் கேட்டது சலுகையன்று, உரிமை. நம் மண்டபத்தின் வாசலில் நம் தெருவினர் கேட்பதும் அதுவே.