துடுப்பாட்ட நூல்களும் எமது புள்ளிக் கொப்பியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

உங்கள் செயலாளர் எம்மிடம் வந்து, "ஏதாவது நல்ல விடயம் பற்றிப் பேசுங்கள், ஐயா" என்று கேட்டார். எமக்குத் தெரிந்த நல்ல விடயம் ஒன்றே ஒன்றுதான் என்றோம். அது, கிரிக்கெற் என்னும் துடுப்பாட்டம் பற்றிய நூல்களைத் தேடிச் சேர்ப்பதும், சேர்த்தவற்றைத் தரம் பார்ப்பதுமாகும். அவர் சற்றுத் திகைத்தார். சமயமும் தமிழும் முழங்கும் மேடையிலே பந்துக்கும் துடுப்புக்கும் என்ன வேலை என்று நீங்களும் எண்ணக்கூடும். ஆனால், ஒரு நூலைத் தேடுவதும், தேடியதைப் படிப்பதும், படித்ததை நேர்மையாக எடைபோடுவதும் எப்பொருளுக்கும் பொதுவான பயிற்சியன்றோ? அப்பயிற்சியில் நாம் கற்றவற்றையும் தவறியவற்றையும் சொல்லவே இங்கு வந்தோம்.

வேறெந்த விளையாட்டைப் பற்றியும் இத்தனை நூல்கள் எழுந்துள்ளனவோ என்பது ஐயம். ஈ. டபிள்யூ. பட்விக் என்பார் 1977இல் வெளியிட்டு, 1984இல் விரித்துப் பதிப்பித்த துடுப்பாட்ட நூற்பட்டியல் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வெளியீடுகளைக் குறிக்கின்றது. அதன் பின்னர் வந்தவை தனி. இந்தப் பெருவெள்ளத்தின் ஊற்றுக்கண்களில் ஒன்று, 1833இல் வெளிவந்த ஜோன் நைரனின் சிறு நூலாகும். ஹம்பிள்டன் என்னும் சிற்றூரிலே தாம் சிறுவனாயிருந்தபோது ஆடிய வீரர்களை முதியவரான நைரன் நினைவுகூர்ந்து சொல்ல, அவருடைய நண்பர் கௌடன் கிளார்க் அதனை எழுதி ஒழுங்கு செய்தார். எழுத்தாளரல்லாத ஒருவரின் நினைவை, எழுத வல்ல ஒருவர் தக்க தருணத்தில் கேட்டுப் பதித்தார். இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எமது உரையின் முடிவிலே மீண்டும் இதற்கு வருவோம்.

அடுத்தது விஸ்டன் ஆண்டுநூல். ஜோன் விஸ்டன் என்ற பந்துவீச்சாளர் 1864இல் தொடங்கிய இந்நூல், இரு உலகப் போர்களிலும் நின்றுவிடாமல் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கின்றது. முதல் இதழ் 112 பக்கங்களே. விலை ஒரு சிலிங்கு. பக்கங்களை நிரப்பப் போதிய ஆட்டச் செய்தி இல்லாமையால் போலும், சிலுவைப் போர்களின் காலமும் வாய்க்கால்களின் நீளமுங்கூட அதிலே இடம்பெற்றன. இன்று மூலப்பிரதி ஒன்றைப் பெறவேண்டுமாயின் எம்மைப் போன்றோர் வீட்டை ஈடுவைக்க நேரிடும்.

நூல் சேர்ப்போன் விழுகின்ற முதற் குழி இங்கேதான் இருக்கின்றது. அரியது எல்லாம் சிறந்தது என்று அவன் மயங்கிவிடுகிறான். 1916ஆம் ஆண்டு விஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டில் ஆட்டம் மிகக் குறைவு. போரில் இறந்த இளைஞர்களின் பட்டியலே மிகுதி. முன்னாண்டு மறைந்த டபிள்யூ. ஜி. கிரேஸ், விக்டர் ட்ரம்பர் ஆகிய இருவரின் மறைவுக் குறிப்புகளும் அதில் உள்ளன. அச்சிட்ட பிரதிகள் குறைவாதலால் விலை மிக அதிகம். அந்நூலிலே ரூபர்ட் புரூக் என்னும் கவிஞரின் மறைவுக் குறிப்பும் உண்டு. அவர் பள்ளி அணிக்காக 1906இல் 19 விக்கெற்றுகளை வீழ்த்தியதைச் சராசரியோடு கணக்கிட்டுச் சொல்லிவிட்டு, கவிஞராகவும் பெயர் பெற்றவர் என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றார்கள். உலகம் கவிதைக்காக நினைத்த ஒருவரை விஸ்டன் பந்துவீச்சுக்காக நினைத்தது. யார் தரம் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தே தரமும் அமைகின்றது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

எம்மிடம் அந்த மூலப்பிரதி இல்லை. மறுபதிப்புத்தான் உண்டு. படிப்பதற்கு அது போதும். இளைஞர்களுக்கு இவ்விடத்திலே ஓர் எச்சரிக்கை: பழைய விஸ்டன்கள் பலவற்றுக்கு மறுபதிப்புகள் உள்ளன. அவற்றை மூலமென்று எண்ணிப் பணத்தை இழந்துவிடாதீர்கள். பழைய புத்தகக் கடையில் நூலை எடுத்தவுடன் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். எத்தனையாவது பதிப்பு என்பது அங்கே தெரியும். படங்கள் எல்லாம் உள்ளனவா என்று எண்ணுங்கள், முன்பிருந்தவர்கள் கத்தரித்திருப்பார்கள். மேலுறையைக் கிழித்தெறியாதீர்கள். சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். எமது நாட்டின் ஈரமும் கறையானும் எந்த விமர்சகரையும்விடக் கொடியவை.

இனி, தரம் பார்ப்பது எப்படி? இதிலே ஜோன் ஆர்லொட் எமக்கு வழிகாட்டி. வானொலி வருணனையாளராகிய அவர், 1950 முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் விஸ்டனில் துடுப்பாட்ட நூல்களை மதிப்பிட்டு வந்தார். அவரைப் பார்த்து நாமும் ஒரு கொப்பி வாங்கினோம். ஒவ்வொரு நூலுக்கும் நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி, மொத்தம் இருபது. எழுதியவர் கண்டறிந்து எழுதினாரா? தமக்குப் பாதகமான உண்மையையும் ஒளிக்காமல் சொன்னாரா? ஆடுகளத்துக்கு வெளியே உள்ள மனிதரும் காலமும் தெரிகின்றனவா? இரண்டாம் முறை படிக்க மொழி இடந்தருகின்றதா? விலைக்கும் அருமைக்கும் அக்கொப்பியில் இடமில்லை.

இக்கேள்விகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்போம். 1932–33இல் அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற இங்கிலாந்து அணி, துடுப்பாட்டக்காரரின் உடலை நோக்கி வேகப்பந்து வீசிப் பெரும் பிணக்கை உண்டாக்கியது. அணித்தலைவர் ஜார்டைனும் பந்துவீச்சாளர் லார்வூட்டும் 1933இலேயே தத்தம் நூல்களில் தமது பக்கத்து நியாயத்தை எழுதினர். எதிரணியில் நின்று அப்பந்துகளை எதிர்கொண்ட பிங்கிள்ரன் 1946இல் 'கிரிக்கெற் கிரைசிஸ்' என்ற நூலை எழுதினார். மூவரும் கண்கண்ட சாட்சிகளே. ஆதலால் முதற் கேள்விக்கு மூவருக்கும் ஐந்து புள்ளி. இரண்டாம் கேள்வியில்தான் வேறுபாடு தெரிகின்றது. சூடு ஆறுமுன் எழுதிய இருவரும் வழக்கறிஞரைப் போல வாதாடினர். பதின்மூன்று ஆண்டுகள் பொறுத்து எழுதியவர், வாதியாக இருந்தும், நீதிபதியாக இருக்க முயன்றார். ஆயினும் ஒருவர் நூலை மாத்திரம் படித்தவன் அந்நிகழ்ச்சியை அறிந்தவனாகான். மூன்றையும் அருகருகே வைத்துப் படிப்பவனுக்கே பொறுமை வாய்க்கும். சேகரிப்பின் பயன் அதுதான்.

நெவில் கார்டஸ் எம்மைத் தடுமாற வைத்தவர். 'மான்செஸ்ரர் கார்டியன்' ஏட்டிலே அவர் எழுதிய ஆட்ட வருணனைகள் அத்துறையின் மொழியையே மாற்றின. இளமையில் அவர் நூல்களுக்குப் பதினெட்டுக்குக் குறையாமல் வழங்கினோம். பின்னரே, வீரர்கள் சொன்னதாக அவர் எழுதிய பேச்சுகளிற் சில அவருடைய கற்பனை என்பதை அறிந்தோம். அதனை அவரும் பெரிதாக மறைக்கவில்லை. கொப்பியைத் திறந்து உண்மைக்கு இரண்டு என்று திருத்தினோம். மொழிக்கு ஐந்து என்பதைத் திருத்தக் கை வரவில்லை. ஒரே நூல் ஒரு கேள்வியில் தோற்று மற்றொன்றில் வெல்லலாம். ஆகவேதான் மொத்தப் புள்ளியை மட்டும் பார்ப்பது தவறு என்கின்றோம்.

எமது பெருந்தவறு வேறொரு நூலில் நிகழ்ந்தது. திரினிடாட் தீவிற் பிறந்த சீ. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட 'பியோண்ட் எ பவுண்டரி' என்னும் நூலுக்கு முதல் வாசிப்பில் நாம் கொடுத்தது ஒன்பது. ஆட்ட வருணனை போதாது, அரசியலும் நிறமும் பள்ளிக்கூடமும் மிகுதி என்று ஓரத்தில் எழுதியும் வைத்தோம். பல ஆண்டுகளின் பின்னர் மீண்டும் படித்தோம். திரினிடாட்டில் அக்காலத்துக் கழகங்கள் தோல் நிறத்தின்படி பிரிந்திருந்தன. கல்வி கற்ற கறுப்பரான ஜேம்ஸ், தம்மினும் வெளிர்நிறமுடைய நடுத்தர வகுப்பாரின் மேப்பிள் கழகத்திற் சேர்ந்தார். கொன்ஸ்ரன்ரைன் ஆடிய, கறுப்பரின் ஷனன் கழகத்தை விட்டார். அத்தெரிவு தம் வாழ்வைப் பாதித்தது என்று தாமே எழுதி ஒப்புக்கொள்கிறார். பிற்காலத்தில், மேற்கிந்திய அணிக்குக் கறுப்பர் ஒருவர் முழுத்தொடருக்கும் தலைவராக வேண்டுமென்று ஏடு நடத்திப் போராடினார். 1960–61 அவுஸ்திரேலியப் பயணத்துக்குப் பிராங் வொறல் தலைவரானார். அப்போராட்டக்காரரே, அதே நூலில், தம் இளமைப் பிழையையும் மறைக்காமல் வைக்கிறார்.

அவ்வத்தியாயத்தைப் படித்தபோது எமது முகம் சிவந்தது. எமது சமூகத்திலும் யார் எந்தக் கழகத்தில் ஆடலாம், யார் யாரோடு ஒரே குவளையில் நீர் அருந்தலாம் என்ற கணக்குகள் இருந்ததை நாம் அறியோமா? அறிந்தும் அதை விளையாட்டோடு சேர்த்துப் பார்க்கவில்லை. குறை நூலில் இல்லை, படித்தவனிடம் இருந்தது. ஒன்பதை வெட்டிப் பத்தொன்பது என்று எழுதினோம். பழைய ஒன்பதை அழிக்கவில்லை. அது எமக்கு நாமே இட்ட புள்ளி.

அன்பர்களே, இனி எமது நாட்டுக்கு வருவோம். எஸ். பி. போனண்டர் 1924இல் எழுதிய இலங்கைத் துடுப்பாட்டத்தின் அறுபது ஆண்டு வரலாறும், எஸ். எஸ். பெரேரா தொகுத்து 1999இல் வெளிவந்த, 1832 முதல் 1996 வரையான பெருநூலும் எமது அலுமாரியின் தூண்கள். ஷெஹான் கருணாதிலக்க 2010இல் வெளியிட்ட 'சைனாமன்' நாவல், தமிழ்க் குருதி கலந்த ஒரு சுழற்பந்துவீச்சாளரைத் தேடும் கதை. 2012இல் பொதுநலவாய நூற்பரிசு பெற்றது. மறக்கப்பட்ட வீரன் ஒருவனைக் கற்பனையிலே தேட வேண்டியிருக்கின்றது என்பதே சிந்திக்கத்தக்கது.

உண்மையில் மறக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்! 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் மகாதேவன் சதாசிவம் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் பெற்றார் என்பது பதிவில் உண்டு. அதனைக் கண்ணாரக் கண்டவர்கள் வீட்டுத் திண்ணையிற் சொன்ன கதைகளுள் எத்தனை நூலேறின? யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் போட்டிக்கு எத்தனை நினைவு மலர்கள் வந்திருக்கும்! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நூல்களோடு எத்தனையோ ஏடுகளும் இதழ்களும் சாம்பலாயின. தீயின் குற்றம் அது. எமது குற்றத்தையும் சொல்லவேண்டும்.

எமது தந்தையார் பள்ளிப் போட்டி மலர்களை ஒரு கட்டாகக் கட்டி வைத்திருந்தார். மெல்லிய கடதாசி, மங்கிய படங்கள், கடை விளம்பரங்கள். நாம் வீடு மாறிய சமயம் இடம் போதவில்லை. விஸ்டன் மறுபதிப்புகளைப் பெட்டியில் பத்திரமாக அடுக்கினோம். மலர்க் கட்டைப் பழைய கடதாசி வாங்குபவரிடம் நிறுத்துக் கொடுத்தோம். கொப்பியில் அவற்றுக்குப் புள்ளியே இட்டதில்லை. நூலென்று கருதினாலன்றோ புள்ளி இடுவது?

சில ஆண்டுகள் சென்றபின் முதியவர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். "தம்பி, உம்முடைய ஐயாவிடம் பழைய மலர்கள் இருந்தன என்று சொன்னார்கள். ஒன்றிலே எங்கள் அண்ணருடைய அணிப்படம் இருக்கிறது. இடப்பெயர்விலே வீட்டுப் படம் எல்லாம் போய்விட்டது. அண்ணரும் இல்லை. அந்தப் படத்தை ஒருக்கால் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்றார். நாம் என்ன சொல்வது? இல்லை என்றோம். எப்படி இல்லாமற் போனது என்பதைச் சொல்லத் துணிவு வரவில்லை. அவர் தேநீரை அருந்திவிட்டு, எமது அலுமாரியைப் பார்த்து, "நல்லாய் வைத்திருக்கிறீர்" என்று சொல்லிச் சென்றார். இரண்டாம் கேள்வியை எமக்கே கேட்டுக்கொண்டால் அன்றைக்கு நாம் பெறும் புள்ளி பூச்சியம். அந்தப் பூச்சியத்தை இன்று உங்கள் முன் கொஞ்சம் திருத்திக்கொள்கின்றோம்.

ஆதலால், இளைஞர்களே, எமது வேண்டுகோள் இரண்டு. உங்கள் வீட்டிலும் அயலிலும் உள்ள போட்டி மலர்கள், ஓட்டக் கணக்குக் கொப்பிகள், அணிப் படங்கள் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். படத்தின் பின்னே நிற்பவர்களின் பெயர்களை இன்றே பென்சிலால் எழுதுங்கள். பெயர் சொல்ல வல்லவர்கள் நாளைக்கு இருப்பார்கள் என்பது நிச்சயமில்லை. இரண்டாவது, ஆடிய முதியவர்களிடம் சென்று கேட்டு எழுதுங்கள். நைரனுக்கு ஒரு கிளார்க் வாய்த்தார். எமது ஊர் நைரன்கள் இன்னமும் திண்ணையில் இருக்கிறார்கள்.

இச்சங்கம் வெளியிடும் ஆண்டு மலரும் அத்தகைய மெல்லிய கடதாசியே. அதனையும் நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். விலையில்லாத நூல்தான் ஒருநாள் ஒருவர் வாசலில் வந்து கேட்கும் நூலாக இருக்கும்.